துளி எங்கே முடிகிறது, ஆவி எங்கே தொடங்குகிறது?

பெட்ரோல் எரிகிறது என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். திரவமாக இருக்கும் பெட்ரோல் எரிவதே இல்லை. அதிலிருந்து கிளம்பும் ஆவி காற்றோடு கலந்த பிறகுதான் தீப்பிடிக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஸ்பார்க் பிளக் பொறி விடும் கணத்தில் அதன் முனையைச் சுற்றியுள்ள கலவை இந்த விகிதத்துக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஆவி குறைவாக இருந்தால் பற்றாது. ஆவியாகாத துளிகள் மிச்சமிருந்தால், அவை தீக்குள் அகப்பட்டுக் கரியாகிவிடும்.

இதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும்போது, காற்றை உள்ளிழுக்கும் வீச்சும் அதை அழுத்தும் வீச்சும் சேர்ந்தே 30 மில்லிவிநாடிதான். 6000 சுற்றில் அது 10 மில்லிவிநாடி. அதற்குள் இன்ஜெக்டர் திறந்து, பெட்ரோல் பீய்ச்சியடித்து, துளிகளாக உடைந்து, சூடேறி, ஆவியாகி, காற்றோடு கலந்து முடிய வேண்டும். இதில் எந்தத் துளி எங்கே, எப்போது ஆவியானது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு குழாயையோ உணர்கருவியையோ உள்ளே நுழைத்தால், நாம் அளக்க வந்த காற்றோட்டமே மாறிப்போகும். எதையும் தொந்தரவு செய்யாமல் உள்ளே போய்த் திரும்பி வரக்கூடியது ஒளிதான்.

ஆனால் ஒளியிடம் எதைக் கேட்கிறோமோ அதற்கு மட்டுமே அது பதில் சொல்லும். ஒரு லேசர் முறை துளியைக் காட்டும், ஆவியைக் காட்டாது. இன்னொன்று ஆவியைக் காட்டும், பக்கத்தில் துளி இருந்தால் கண் கூசிப்போகும். துளியும் ஆவியும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இருக்கும்போது இரண்டையும் தனித்தனியே அளப்பதுதான் இந்தத் துறையின் உண்மையான சவால். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

வால்வின் முதுகிலிருந்து சிலிண்டருக்குள்

கார்பரேட்டர் காலத்திலும், அதற்குப் பின் வந்த போர்ட் இன்ஜெக்ஷனிலும் இது இவ்வளவு கடுமையான பிரச்சினையாக இல்லை. போர்ட் இன்ஜெக்ஷனில் பெட்ரோல் 3, 4 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) உள்வால்வின் முதுகில் தெளிக்கப்படுகிறது. துளிகள் பெரியவைதான், ஆனாலும் சூடான வால்வே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடும். இன்று நம் ஊரில் விற்கும் புதிய பெட்ரோல் பைக்குகளில் இருப்பது இதுதான்.

சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை வேறு கதை. 1954-இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் ஸ்போர்ட்ஸ் காரிலேயே அது இருந்தது. மின்னணுக் கட்டுப்பாட்டோடு சாதாரண மக்களின் காருக்கு அது வந்தது 1996-இல், மிட்சுபிஷியின் ஜிடிஐ இன்ஜினில். அப்போது இன்ஜெக்டர் அழுத்தம் சுமார் 50 பார். இன்று 200 முதல் 350 பார் வரை போகிறது. ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் கார்கள் பலவற்றில் இப்போது இருப்பது இந்த முறைதான்.

இதில் பெரிய லாபம் ஒன்று உண்டு. துளி ஆவியாகத் தேவையான வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்தால் நாக்கிங் (கலவை தானாகவே தீப்பற்றி இன்ஜின் தட்டுவது) குறையும். அழுத்த விகிதத்தைக் கூட்டலாம். மைலேஜ் ஏறும்.

நஷ்டமும் அங்கேயே இருக்கிறது. பீய்ச்சும் பெட்ரோல் பிஸ்டன் தலையிலோ சிலிண்டர் சுவரிலோ பட்டால், மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். தீ பரவும்போதும் அது முழுதாக ஆவியாகியிருக்காது. அந்தப் படலத்தின் மேல் மஞ்சள் சுடர் எரிந்து கரித்துகள் உண்டாகும். ஐரோப்பாவில் 2014-இல் வந்த யூரோ 6 விதிகள் இந்த வகைப் பெட்ரோல் கார்களுக்கு ஒரு கிலோமீட்டருக்கு 6 லட்சம் கோடி துகள் என்று வரம்பு வைத்தன. 2017-இல் அதைப் பத்தில் ஒன்றாக, அதாவது 60,000 கோடியாகக் குறைத்தார்கள். எடையை நிறுப்பதோடு எண்ணிக்கையையும் எண்ணத் தொடங்கியதும், ஆவியாகாத ஒவ்வொரு துளியும் கணக்கில் வந்துவிட்டது.

துளியின் அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? 1953-இல் ஸ்பால்டிங்கும் காட்ஸேவும் தனித்தனியே நிறுவிய ஒரு விதி இருக்கிறது. துளி ஆவியாகி முடிய ஆகும் நேரம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 10 மைக்ரோமீட்டர் துளியைவிட 20 மைக்ரோமீட்டர் துளிக்கு நான்கு மடங்கு நேரம் ஆகும். 40 மைக்ரோமீட்டர் துளிக்குப் பதினாறு மடங்கு. ஆகவே சராசரி நன்றாக இருக்கிறது என்று திருப்திப்பட முடியாது. கூட்டத்தில் இருக்கும் சில பெரிய துளிகள்தான் கடைசிவரை நின்று கரியைத் தருபவை.

இன்ஜினுக்கு ஜன்னல் வைப்பது

உள்ளே பார்க்க ஜன்னல் வேண்டும். இதற்கு இன்றுவரை பயன்படும் வழியை 1961-இல் வெளியிட்டவர் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர் பௌடிச். வழக்கமான பிஸ்டனின் மேல் நீளமான ஒரு கூட்டுப் பிஸ்டனைப் பொருத்தினார். அதன் உட்புறம் வெறும் கூடு, தலையில் குவார்ட்ஸ் கண்ணாடி. உள்ளே 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிற்கும், முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஓர் ஆடி, பிஸ்டன் தலை வழியாகத் தெரியும் காட்சியைப் பக்கவாட்டுக்குத் திருப்பிவிடும். பிஸ்டன் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்க, நாம் எரிதலை அடியிலிருந்து பார்க்கலாம். மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டியது 1960 மே மாதம். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிறந்தன என்றாலும், ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்யச் சில ஆண்டுகள் பிடித்தன.

இந்த ஜன்னல் இன்ஜினை நிஜ இன்ஜின் மாதிரி ஓட்ட முடியாது. சிலிண்டர் சுவரில் ஒரு பகுதி குவார்ட்ஸ் வளையம். அதன் மேல் எண்ணெய் பூச முடியாது. ஜன்னல் மங்கிவிடும் என்பது ஒரு காரணம். எண்ணெயே புறஊதாக் கதிரில் ஒளிர்ந்து அளவைக் கெடுத்துவிடும் என்பது இன்னொன்று. அதனால் எண்ணெய் இல்லாமலே ஓடக்கூடிய கிராஃபைட் போன்ற பொருளில் வளையங்கள் செய்கிறார்கள். கொஞ்ச நேரம் ஓட்டினாலே கண்ணாடியில் கரி படியும். நிறுத்தி, கழற்றி, துடைத்து, மறுபடி பூட்ட வேண்டும். ஒரு நல்ல படத்துக்குப் பின்னால் இந்தத் துடைக்கும் வேலை எத்தனையோ மணி நேரம் ஒளிந்திருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகள் அதைப் பற்றி அதிகம் சொல்வதில்லை.

ஜன்னல் தயாரானதும் லேசர் கற்றையை உருளை வடிவ லென்ஸ் வழியே அனுப்பி, ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய ஒளித்தகடாக விரிக்கிறார்கள். அது தெளிப்பின் நடுவே கத்தி போல வெட்டிச் செல்லும். கேமரா அதற்குச் செங்குத்தாக நின்று அந்த ஒரு வெட்டை மட்டும் படம் எடுக்கும். லேசர் துடிப்பு சுமார் 10 நானோவிநாடிதான் நீடிக்கும். விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் பாயும் துளிகூட அந்த நேரத்தில் ஒரு மைக்ரோமீட்டர்தான் நகரும். ஆகவே படம் கலங்காது.

சிக்கல் அடுத்த படத்தில்தான் இருந்தது. வழக்கமான என்டி-யாக் லேசர் விநாடிக்குப் பத்து முறை சுடும். நான்கு வீச்சு இன்ஜினில் இரண்டு சுற்று சேர்ந்ததுதான் ஒரு சுழற்சி; 1200 சுற்றில் ஓடினால் விநாடிக்குப் பத்து சுழற்சி. அதாவது ஒரு சுழற்சிக்கு ஒரே ஒரு படம். இந்தச் சுழற்சியில் தெளிப்பின் தொடக்கம், அடுத்த சுழற்சியில் அதன் நடுப்பகுதி என்று பிட்டுப்பிட்டாகச் சேர்த்துத்தான் கதையை ஊகிக்க வேண்டியிருந்தது. இன்ஜினில் எந்த இரண்டு சுழற்சியும் ஒன்று போல இருப்பதில்லை. எனவே எப்போதாவது ஒருமுறை பற்றாமல் போகும் சுழற்சி ஏன் பற்றவில்லை என்று இப்படிக் கண்டுபிடிக்கவே முடியாது. 1000 சுற்றில், இன்ஜின் தண்டு சுழலும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு படம் வேண்டுமென்றால் விநாடிக்கு 6000 படம் தேவை. அந்த வேகத்தில் சுடும் லேசர்களும் கேமராக்களும் வந்த பிறகுதான், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வோல்கர் சிக்கின் குழு போன்றவர்கள் ஒரே சுழற்சியைத் தொடர்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

துளி மட்டும் தெரியும் படம்

ஒளித்தகட்டில் பட்டுத் துளிகள் சிதறடிக்கும் ஒளியை அப்படியே படம் எடுப்பது மிகச் சுலபமான வழி. 1908-இல் குஸ்தாவ் மீ எழுதிய கணக்கின் பெயரால் இதை மீ சிதறல் என்கிறார்கள். படம் பளிச்சென்று இருக்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது சொல்வது மிகக் கொஞ்சம்.

பெரிய துளிகளில் சிதறும் ஒளியின் அளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எரிபொருளின் அளவோ விட்டத்தின் கனத்தைப் பொறுத்தது. 40 மைக்ரோமீட்டர் துளி ஒன்று 10 மைக்ரோமீட்டர் துளிகள் பதினாறுக்குச் சமமாக ஒளிரும். ஆனால் அதில் இருக்கும் பெட்ரோல் அறுபத்து நான்கு சிறு துளிகளுக்குச் சமம். ஆகவே படத்தில் எங்கே பிரகாசம் அதிகமோ அங்கே பெட்ரோல் அதிகம் என்று படிக்க முடியாது. அதைவிட முக்கியம், ஆவி இந்தப் படத்தில் தெரியவே தெரியாது. துளி ஆவியானால் படத்தில் அது மறைந்துபோகும், அவ்வளவுதான். அந்தப் பெட்ரோல் எங்கே போனது என்று படம் சொல்லாது.

ஆவியைப் பார்க்க வேறொரு குணம் தேவை. ரூபாய் நோட்டைப் புறஊதா விளக்கின் அடியில் வைத்தால் சில இழைகள் ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத கதிரை உள்வாங்கி, கொஞ்சம் ஆற்றலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, நீண்ட அலைநீளத்தில் மிச்சத்தை வெளியிடுவதுதான் இந்த ஒளிர்வு. சில எரிபொருள் மூலக்கூறுகளுக்கும் இந்தக் குணம் உண்டு. பங்கில் விற்கும் பெட்ரோலே புறஊதாவில் ஒளிரும். ஆனால் அதில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் இருக்கின்றன. எது எவ்வளவு ஒளிர்ந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எனவே ஆய்வகத்தில் பெட்ரோலுக்குப் பதிலாகத் தானாக ஒளிராத ஐசோஆக்டேனை எடுத்து, அதில் ஒளிரும் பொருளைக் கொஞ்சம் கலக்கிறார்கள். மிகவும் பழகிப்போனது 3-பென்டனோன். ஐசோஆக்டேன் 99 டிகிரியில் கொதிக்கும், 3-பென்டனோன் 102 டிகிரியில். இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே ஆவியாகும் என்று நம்பலாம். 266 நானோமீட்டர் லேசர் பட்டால் அது நீல நிறத்தை ஒட்டி ஒளிரும். அந்த ஒளிர்வை அளந்தால் அங்கே எவ்வளவு எரிபொருள் இருக்கிறது என்று தெரியும். இரண்டு வேறு அலைநீளங்களில் தூண்டி, கிடைக்கும் இரு படங்களையும் ஒன்றால் ஒன்றை வகுத்தால் வெப்பநிலைகூடக் கிடைக்கும். மேலே சொன்ன மண்பானைக் குளிர்ச்சியை இப்படிப் படமாகவே எடுத்திருக்கிறார்கள்.

ஆனால் திரவமும் ஒளிரும் அல்லவா? திரவத்தின் அடர்த்தி ஆவியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம். ஒரு துளி பக்கத்தில் இருந்தாலே அதன் ஒளிர்வு ஆவியின் ஒளிர்வை விழுங்கிவிடும். எல்லாத் துளிகளும் மறைந்த பிறகு, பொறி விடும் நேரத்தில் கலவையை அளக்க இந்த முறை அருமையானது. ஆவியாதல் நடந்துகொண்டிருக்கும்போதே பார்க்க இது போதாது.

ஒரு நானோவிநாடி ஜோடி

இந்த இடத்தில்தான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த யோசனை வருகிறது. 1983-இல் டெக்சாஸைச் சேர்ந்த வேதியியலாளர் லின் மெல்ட்டன் வெளியிட்டது. எக்சிப்ளெக்ஸ் முறை என்று பெயர்.

அதன் கருத்து இப்படி. எரிபொருளில் இரண்டு பொருள்களைக் கலக்க வேண்டும். முதல் பொருள் லேசரை உள்வாங்கித் தூண்டப்படும். அந்த நிலையில் அது சில நானோவிநாடிகளே இருக்கும். ஆவியில் மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருப்பதால், அந்தச் சிறிது நேரத்தில் அது யாரையும் சந்திக்காது. தன் சொந்த நிறத்தில் ஒளிர்ந்துவிட்டு அடங்கிவிடும். திரவத்தில் நிலைமை வேறு, அங்கே மூலக்கூறுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. தூண்டப்பட்ட மூலக்கூறு உடனே பக்கத்திலிருக்கும் இரண்டாவது பொருளோடு சேர்ந்து ஒரு தற்காலிக ஜோடியாகிவிடும். அந்த ஜோடி தூண்டப்பட்ட நிலையில் மட்டுமே உயிரோடு இருக்கும், ஒளிர்ந்ததும் பிரிந்துவிடும். ஜோடி சேரும்போது ஆற்றல் கொஞ்சம் குறைவதால், அது வெளியிடும் ஒளியின் அலைநீளம் கூடிவிடும். ஆக, அதே லேசர், அதே எரிபொருள், ஆனால் ஆவி ஒரு நிறம், திரவம் வேறு நிறம். இரண்டு கேமராக்களுக்கு முன்னால் இரண்டு வடிகட்டிகளை வைத்தால், ஒன்று துளியை மட்டும் பார்க்கும், மற்றது ஆவியை மட்டும் பார்க்கும்.

மெல்ட்டன் முதலில் செய்தது டீசலுக்கு. பெட்ரோல் எளிதில் ஆவியாவதால் அதே கலவை அதற்குப் பொருந்தாது. பெட்ரோலுக்கென்று பின்னர் நிலைபெற்ற கலவைகளில் ஒன்று ஹெக்சேனில் கொஞ்சம் ஃப்ளூரோபென்சீனும் அதைவிடக் கூடுதலாக டையெத்தில்மெத்தில்அமீனும் கலந்தது. ஆவி சுமார் 290 நானோமீட்டரில் ஒளிரும், திரவம் சுமார் 350-இல். இந்தத் தேர்வுக்குப் பின்னால் நுணுக்கமான கணக்கு இருக்கிறது. ஹெக்சேன் 69 டிகிரியில் கொதிக்கும். ஃப்ளூரோபென்சீன் அதைவிட மெதுவாக, 85 டிகிரியில். அமீன் சற்று முந்தி, 65 டிகிரி அளவில். ஒன்று முந்தி ஓட, ஒன்று பிந்தி நிற்க, மொத்தத்தில் கலவை ஆவியாகும் வரை விகிதம் அதிகம் மாறாமல் இருக்கும்படி அளவுகளைத் தேர்ந்திருக்கிறார்கள். பென்சீனும் டிரையெத்தில்அமீனும் சேர்ந்த இன்னொரு ஜோடியும் பயன்பாட்டில் உண்டு.

இந்த முறைக்குக் கொடுக்க வேண்டிய விலையும் பெரியது. ஆக்சிஜன் இந்த ஒளிர்வைத் தின்றுவிடும். எனவே சிலிண்டருக்குள் காற்றுக்குப் பதில் நைட்ரஜனை நிரப்ப வேண்டும். ஆவியாதலைப் பொறுத்தவரை நைட்ரஜன் கிட்டத்தட்ட காற்று மாதிரிதான், ஆனால் தீ பற்றாது. அதாவது நாம் பார்ப்பது எரியாத இன்ஜின். அடுத்தது, 290 நானோமீட்டர் ஒளியைச் சாதாரண லென்ஸ் தடுத்துவிடும். குவார்ட்ஸ் லென்ஸும் விசேஷ கேமராவும் தேவை. மூன்றாவதுதான் மிகவும் தொல்லை தருவது: திரவத்தின் ஒளிர்வு ஆவியின் அலைநீளத்துக்குள் நூறில் ஒரு பங்கு கசிந்தாலே போதும், அந்த இடத்தில் ஆவியின் அளவு பொய்யாகிவிடும். துளி ஆவியாகும்போது அதன் வெப்பநிலை இறங்குகிறது, ஒளிர்வின் பலமோ வெப்பநிலையைப் பொறுத்து மாறுகிறது. இத்தனையும் திருத்திய பிறகுதான் அந்த வண்ணப் படத்தை அளவு என்று சொல்ல முடியும். திருத்தாதவரை அது படம் மட்டும்தான்.

ஜப்பானின் ஹிரோஷிமா பல்கலைக்கழகக் குழு வேறு பாதையில் போனது. ஒரே லேசரின் இரண்டு அலைநீளங்களைத் தெளிப்பின் ஊடே அனுப்பினார்கள். பச்சை நிற 532 நானோமீட்டர் ஒளி துளிகளால் மட்டுமே தடைபடும். புறஊதா 266 துளிகளாலும் தடைபடும், ஆவியாலும் உறிஞ்சப்படும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் மிச்சம் ஆவி. பெட்ரோலுக்கு மாற்றாகப் புறஊதாவை உறிஞ்சும் பாரா-சைலீனைப் பயன்படுத்தினார்கள். ஒரு வெட்டை மட்டும் பார்க்காமல் ஒளி போகும் பாதை முழுவதையும் சேர்த்துச் சொல்வது இதன் குறை. ஆனால் ‘பீய்ச்சியதில் இத்தனை பங்கு ஆவியாகிவிட்டது’ என்று எடைக்கணக்குச் சொல்லக்கூடியது என்பதால், எனக்கு இதன்மேல் தனி மதிப்பு உண்டு.

பனிமூட்டத்தில் ஹை பீம்

கொடைக்கானல் மலைப்பாதையில் பனி இறங்கும்போது ஹை பீம் போட்டால் என்ன ஆகும்? எதிரே வெள்ளைச் சுவர் எழுந்தது போல இருக்கும். ஒளி ஒரு துளியில் பட்டு, அடுத்ததில் பட்டு, இன்னொன்றில் பட்டு, எங்கெங்கோ சுற்றி நம் கண்ணுக்குத் திரும்புகிறது. இன்ஜெக்டரின் முனையருகே நடப்பதும் இதேதான். ஒளித்தகடு மெல்லியதாக இருந்தாலும், தகட்டுக்கு வெளியே இருக்கும் துளிகளிலும் பட்டுச் சுற்றி வந்த ஒளி படத்தை மூடிவிடும். அடர்த்தி எங்கே மிக அதிகமோ, ஆராய்ச்சிக்கு எது மிக முக்கியமோ, அங்கேதான் அளவு மிக மோசம்.

2008-இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பெரோகாலும் கிறிஸ்டென்சனும் அவர்கள் சகாக்களும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். ஒளித்தகட்டில் சேலைக் கோடுகள் போல வரிவரியாக வெளிச்சமும் இருளும் இருக்கும்படி செய்தார்கள். ஒரே ஒரு முறை சிதறி நேராகக் கேமராவுக்கு வரும் ஒளியில் அந்த வரிகள் அப்படியே பதிந்திருக்கும். பலமுறை சுற்றி வந்த ஒளிக்கு எந்த வரியிலிருந்து கிளம்பினோம் என்ற நினைவு போய்விடும். வரிகளை மூன்றில் ஒரு பங்கு நகர்த்தி மூன்று படம் எடுத்து, அவற்றின் வித்தியாசத்தைக் கணக்கிட்டால், வரி பதிந்த ஒளி மட்டும் மிஞ்சும். மூட்டம் விலகிவிடும்.

மூட்டம் விலகியது துளியின் அளவைப் படமாகக் காட்டும் முறைக்கும் உயிர் கொடுத்தது. சிதறல் விட்டத்தின் வர்க்கம், ஒளிர்வு விட்டத்தின் கனம். ஒளிர்வுப் படத்தைச் சிதறல் படத்தால் வகுத்தால் மிஞ்சுவது விட்டம். கேட்க எவ்வளவு எளிமை! ஆவியாகாத தெளிப்பில் இது நன்றாகவே வேலை செய்யும். ஆவியாகும் தெளிப்பில் கவனம் தேவை. எரிபொருளில் கலந்த ஒளிரும் சாயம் எரிபொருளைவிட மெதுவாக ஆவியானால், துளி சுருங்கச் சுருங்க அதற்குள் சாயம் கெட்டியாகிக்கொண்டே போகும். அப்போது ஒளிர்வு கனஅளவைச் சொல்லாது, துளியைப் பெரிதாகக் காட்டிவிடும். எந்த வண்ணப் படத்தைப் பார்த்தாலும் என்ன சாயம், அது எந்த வெப்பநிலையில் கொதிக்கும் என்று முதலில் கேட்பது நல்லது.

இந்தப் படங்களைச் சரிபார்க்க இன்றும் நம்புவது ஃபேஸ் டாப்ளர் கருவியை. இரண்டு லேசர் கற்றைகள் குறுக்கிடும் ஒரு புள்ளியைத் துளி கடக்கும்போது, அதன் வேகத்தையும் விட்டத்தையும் ஒன்றாகச் சொல்லிவிடும். ஒரு நேரத்தில் ஒரே புள்ளிதான், ஆனால் சொல்வது நம்பகமானது. இரண்டு துளிகள் சேர்ந்து வந்தால் அதுவும் குழம்பும்.

கலக்கும் பொருளே இல்லாமல் அளக்க ஒரு வழி உண்டு, அது ராமன் சிதறல். திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் 1928-இல் கல்கத்தாவில் கண்டது. ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய அளவில் ஒளியின் நிறத்தை மாற்றுகிறது. ஆகவே எரிபொருள், ஆக்சிஜன், நைட்ரஜன், நீராவி எல்லாவற்றையும் ஒரே ஒளிவீச்சில் பிரித்து அளந்துவிடலாம். ஆனால் அந்த ஒளி மிகமிகப் பலவீனமானது. ஒரு துளி குறுக்கே வந்தாலும் அதன் மீ சிதறல் அதை மூழ்கடித்துவிடும். எனவே துளிகள் அடங்கிய பிறகு, ஸ்பார்க் பிளக் அருகே கலவையைத் துல்லியமாக அளக்கத்தான் இது பயன்படுகிறது.

எட்டுத் துளை இன்ஜெக்டர் ஒன்று

இத்தனை முறைகள் இருந்தும், ஒரு ஆய்வகத்தின் முடிவை இன்னொன்றோடு ஒப்பிட முடியாமல் இருந்தது. இன்ஜெக்டர் வேறு, எரிபொருள் வேறு, வெப்பநிலை வேறு. அமெரிக்காவின் லிவர்மோரில் உள்ள சாண்டியா தேசிய ஆய்வகத்தை மையமாகக் கொண்டு இயங்கும் இன்ஜின் கம்பஷன் நெட்வொர்க் என்ற ஆய்வகக் கூட்டமைப்பு இதற்கு ஒரு பொது ஏற்பாடு செய்தது. பெட்ரோலுக்கான ஏற்பாட்டின் பெயர் ஸ்பிரே ஜி. ஒரே வகை இன்ஜெக்டரை எல்லோரும் பயன்படுத்துவது. எட்டுத் துளை, ஒவ்வொன்றும் 165 மைக்ரோமீட்டர் விட்டம். எரிபொருள் 90 டிகிரி சூட்டில் ஐசோஆக்டேன், 200 பார் அழுத்தம். 300 டிகிரி சூடும் 6 பார் அழுத்தமும் உள்ள நைட்ரஜனுக்குள் 780 மைக்ரோவிநாடியில் சுமார் 10 மில்லிகிராம் பீய்ச்ச வேண்டும்.

எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது அளவு முறைகளின் பலவீனம் வெளிச்சத்துக்கு வந்தது. திரவம் எவ்வளவு தூரம் போகிறது என்பதை மீ சிதறல் படத்திலிருந்து எடுத்தால், விளக்கை எங்கே வைத்தோம், எந்தப் பிரகாசத்தை எல்லையாக வைத்தோம் என்பதைப் பொறுத்து விடை மாறியது. துளிகள் கொஞ்சம் கொஞ்சமாக மறையும் இடத்தில் ‘இதுதான் முனை’ என்று கோடு கிழிப்பது கேமராவின் வேலை அல்ல, நம் முடிவு. அதனால் தெளிப்புக்குப் பின்னாலிருந்து சீரான ஒளி பாய்ச்சி, எத்தனை பங்கு ஒளி தடைபட்டது என்று அளக்கும் முறைக்கு மாறினார்கள். அதிலிருந்து அந்தப் பாதையில் இருக்கும் திரவத்தின் கனஅளவுக்கே ஒரு எண் கிடைக்கிறது. எல்லையை ஒவ்வொருவரும் தன் விருப்பப்படி வைக்காமல், அந்த எண்ணில் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். ஆவியின் எல்லையை ஷ்லீரன் படம் தருகிறது. சூடான காற்றும் குளிர்ந்த ஆவியும் சேருமிடத்தில் ஒளி வளைவதைக் காட்டும் பழைய முறை அது.

இதே இன்ஜெக்டரில் இன்னொரு நிலையும் வைத்தார்கள். எரிபொருள் அதே 90 டிகிரி, ஆனால் வெளியே அரை பார் அழுத்தம் மட்டும். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து ஓட்டும்போது சிலிண்டருக்குள் இருக்கும் நிலைக்கு இது நெருக்கம். அரை பாரில் ஐசோஆக்டேன் சுமார் 76 டிகிரியிலேயே கொதிக்கும். எனவே துளையை விட்டு வெளியே வந்ததுமே திரவம் உள்ளிருந்தே குமிழித்து வெடித்து உடைகிறது. துளிகள் மிகச் சிறியவையாகி உடனே ஆவியாகும், நல்லதுதானே என்று தோன்றும். பாதி உண்மை. எட்டுப் பீய்ச்சல்களும் உப்பி, பக்கத்துப் பீய்ச்சலோடு ஒட்டி, நடுவே இழுக்கப்பட்டு ஒரே தடித்த தூணாகச் சேர்ந்துவிடுவதும் உண்டு. அந்தத் தூண் தனித்தனிப் பீய்ச்சலைவிட ஆழமாகப் பாய்ந்து பிஸ்டனைத் தொடக்கூடும். வடிவமைப்பாளர் எட்டுத் திசையில் திட்டமிட்டுத் துளையிட்டது ஒன்று, நடப்பது வேறொன்று. லேசர் படம் இல்லாமல் இதை யாரும் ஊகித்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இனி நிஜப் பெட்ரோல். அதில் 30 டிகிரியில் கொதிப்பதும் உண்டு, 200 டிகிரிக்கு அப்பால் கொதிப்பதும் உண்டு. இலேசானவை முதலில் பறந்துவிட, கனமானவை துளியில் தங்கும். ஆகவே ஆவி மேகத்தின் ஒரு மூலையில் இருப்பதும் இன்னொரு மூலையில் இருப்பதும் ஒரே எரிபொருள் அல்ல. ஒரு ஒளிரும் பொருள் தனக்கு ஒத்த கொதிநிலை உள்ள பங்கை மட்டுமே பின்தொடரும். முழுக் கதை வேண்டுமென்றால், இலேசானதற்கு ஒன்று, கனமானதற்கு ஒன்று என்று அளவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

எத்தனால் சேர்ந்தால் இது இன்னும் நெருக்கடியாகிறது. இந்தியாவில் 2023 முதல் பங்குகளுக்கு வரத் தொடங்கிய இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். அது 78 டிகிரியில் கொதிக்கும், கேட்க எளிது. ஆனால் ஒரு கிலோ எத்தனால் ஆவியாக, ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஆவதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் வெப்பம் வேண்டும். அதே ஆற்றலுக்கு எரிபொருளும் கூடுதலாகத் தெளிக்க வேண்டும். சூடான இன்ஜினில் இந்தக் குளிர்ச்சி நாக்கிங்கைத் தடுக்கும் வரம். காலையில் ஸ்டார்ட் செய்யும் குளிர்ந்த இன்ஜினில் அதே குளிர்ச்சி துளிகளின் ஆயுளை நீட்டிவிடும். ஐசோஆக்டேனுக்காகத் தேர்ந்தெடுத்த ஒளிரும் பொருள் எத்தனால் கலவையில் அதே மாதிரி ஆவியாகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கலவைக்குக் கலவை மறுபடி சோதிக்க வேண்டும்.

இவ்வளவையும் அளந்தபின், ஆய்வாளர்களின் கவனம் இப்போது மிகச் சிறிய ஓர் இடத்தில் குவிந்திருக்கிறது. அது இன்ஜெக்டரின் துளைகளை அடைக்கும் ஊசி மூடும் கணம். 780 மைக்ரோவிநாடி முழுக்க அழுத்தத்தோடு பாய்ந்த பெட்ரோல் நன்றாக உடைந்து சிறு துளிகளாகிறது. ஊசி மூடும் அந்தக் கடைசி நேரத்தில் அழுத்தம் விழுந்து, வேகமில்லாத பெரிய துளிகள் சில சொட்டுகின்றன. கொஞ்சம் பெட்ரோல் இன்ஜெக்டரின் முனையிலேயே நனைந்து ஒட்டிக்கொள்கிறது. மொத்தத்தில் இது மிகச் சொற்பம். ஆனால் விட்டத்தின் வர்க்கம் என்ற விதிப்படி இந்தத் துளிகளுக்குத்தான் ஆயுள் அதிகம். தீ வரும்போதும் இவை அங்கேயே இருக்கும். தொலைநுண்ணோக்கியும் லேசர் துடிப்பும் வைத்து அந்த முனையை நெருங்கிப் படம் எடுத்தால், கரி படிந்த முனை பஞ்சு போல அடுத்த சொட்டை உறிஞ்சி வைத்துக்கொள்வதையும், அடுத்த தீயில் அது மஞ்சளாக எரிவதையும் பார்க்கலாம்.